முதலெழுத்துப் பின்னல் தமிழிலும் அமையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்பவன். ஆவணி முகூர்த்தங்களுக்கான அழைப்பிதழ் வேலை நடக்கும் இந்நாளில், மணமக்கள் பெயர்களின் முதலெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து அட்டையின் தலையில் மோனோகிராமாகப் போட்டுத் தரும்படி கேட்காத வீட்டார் அரிது. உள்ளே முழுவதும் தமிழில் அச்சாகும் அழைப்பிதழிலும் அந்தப் பின்னல் மட்டும் ஆங்கில எழுத்தில்தான் வேண்டும் என்கிறார்கள். தமிழில் போடலாமே என்றால், “தமிழ் எழுத்து அதுக்கு ஒத்துவராது” என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டுமென்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்ட பின்னும் இதுவே நிலை.

ஒத்துவராது என்பது சரியன்று. வருடம், மாதம், தேதி ஆகியவற்றுக்கு நம் பழைய அழைப்பிதழ்களில் வரும் ௵, ௴, ௳ என்பவை சொல்லைச் சுருக்கி ஒரே குறியாக இழுத்து எழுதியவைதாமே? அவை 2003 முதல், கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடிலும் இடம்பெற்றுள்ளன.

பின்னலின் சூட்சுமம் ஓர் எழுத்தை வீடாகவும் மற்றதைக் குடியாகவும் கொள்வதில் இருக்கிறது. இலங்கையின் காலிக் கோட்டைப் பழைய வாயிலில் 1669ஆம் ஆண்டுடன் செதுக்கப்பட்டுள்ள டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையில், ‘வி’ என்னும் ஆங்கில எழுத்து பெரிதாக விரிந்து நிற்க, அதன் இரு கைகளின்மேலும் ‘ஓ’, ‘சி’ என்னும் இரண்டும் சிறிதாகப் படிந்திருப்பதைக் காணலாம். தமிழில் ‘ப’ இதற்கென்றே பிறந்ததுபோல் மேற்புறம் திறந்து கிடக்கிறது. அதனுள் எந்த எழுத்தையும் இறக்கலாம். மாறாக, ‘க’வின்மேல் ‘ச’வை அதே அளவில் வைத்தால் ‘ச’ அதற்குள் கரைந்து காணாமற்போகும். அப்படிப்பட்ட இணைகளில் ஒன்றை மற்றதைப்போல் இருமடங்கு பெரிதாக்கி, வண்ணத்தையும் மாற்றியாக வேண்டும்.

இதற்குத் தனி மென்பொருள் வேண்டியதில்லை; கடிதம் தட்டும் வேர்டு போதும். எழுத்துக்கு ஒன்றாக உரைப்பெட்டி செருகி, பெட்டியின் நிரப்பு வண்ணத்தையும் கோட்டையும் நீக்கி, உள் ஓரங்களைப் பூச்சியமாக்கி, ‘உரைக்கு முன்னால்’ என்ற அமைப்பைக் கொடுத்துவிட்டால், பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று தாராளமாக இழுத்து வைக்கலாம். இறுதியில் எல்லாவற்றையும் தேர்ந்து ‘குரூப்’ செய்துவிட்டால் அவை ஒரே படம்போல் நகரும். பெட்டியை எழுத்தின் அளவுக்கே ஒட்ட நறுக்கியவர்கள் ‘ழு’, ‘ரு’ போன்றவற்றின் அடிப்பகுதி வெட்டுப்படுவதைக் கண்டு திகைப்பதுண்டு. பெட்டியைச் சற்றுப் பெரிதாக விடுவதும், வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று வைக்காதிருப்பதும் போதும். பெட்டியே வேண்டாம் என்பவர்கள், முதல் எழுத்தை மட்டும் தேர்ந்து, எழுத்துரு சாளரத்தின் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் இடைவெளியைக் ‘கண்டென்ஸ்டு’ என மாற்றி, அதன் அளவை (பாயின்ட்) கூட்டிக்கொண்டே போனால், அடுத்த எழுத்து அதன்மேல் வந்து ஏறும். லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலும் எழுத்திடைவெளியைக் குறைக்க வழியுண்டு. ஆனால் இந்த இடைவெளி முறையில் பக்கவாட்டில் மட்டுமே நெருக்க முடியும் என்பதால் நான் பெட்டி முறையையே விரும்புகிறேன்.

வேர்டால் இயலாதது ஒன்றுண்டு. ஓரிடத்தில் மேலாகவும் அடுத்த இடத்தில் கீழாகவும் கயிறுபோல் நுழைந்து செல்லும் பின்னலை அதில் நேரடியாகச் செய்ய முடியாது. ஏனெனில் மேல், கீழ் என்னும் அடுக்கு ஒரு பெட்டி முழுவதற்கும் ஒன்றே. 2013 முதல் பவர்பாயின்டில் உள்ள ‘மெர்ஜ் ஷேப்ஸ்’ கட்டளையின் ‘ஃபிராக்மென்ட்’ வழியாக எழுத்துகளைத் துண்டுகளாக்கி, குறுக்கிடும் துண்டுக்கு மட்டும் மற்ற எழுத்தின் வண்ணம் தீட்டி வேர்டுக்குக் கொண்டுவரலாம். யூனிகோடில் ‘கொ’ போன்ற எழுத்தின் கொம்பைத் தனியே பிடிக்க இயலாது என்ற குறையும் இம்முறையில் நீங்குகிறது. யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் கொம்பு தனி விசையாக இருந்ததால், இந்த ஒரு வேலைக்கு மட்டும் அவற்றை இன்றும் கைவிடாத நண்பர்கள் எனக்குண்டு!

அச்சகத்துக்கு வரும்போது கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவருமாறு வீட்டார்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் ஆசையாகத் தேர்ந்த எழுத்துரு எங்கள் கணினியில் இல்லாவிட்டால், அது நிர்மலா போன்ற வேறொன்றாக மாறிப் பின்னல் முழுவதும் நிலைகுலைந்துவிடும். அதை மறுபடி கட்டுவதற்குள் மெய்ப்புப் பார்க்கும் நாளே போய்விடுகிறது.

தங்கள் நாளிதழில் கணினிக் குறிப்புகள் வெளியிடும்போது, எடுத்துக்காட்டுப் படங்களில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக ‘ப’வும் ‘ம’வும் பின்னிய ஒன்றை ஒருமுறையேனும் அச்சிட வேண்டுகிறேன். அடுத்து அழைப்பிதழ் கொடுக்க வருபவரிடம் எடுத்துக் காட்ட எனக்கும் ஒன்று கிடைக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
அச்சக வடிவமைப்பாளர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.