பனியில் தொடங்கும் பேஸ்பால்: என்.சி.ஏ.ஏ. குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய என்.சி.ஏ.ஏ. டிவிஷன் ஒன் பேஸ்பால் குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வடக்கே, குளிர் மாநிலமான மிச்சிகனின் தென்கிழக்கில் இருந்து எழுதுகிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் அமைப்பு உங்களுடையது; அதன் முதல்நிலைப் பிரிவான டிவிஷன் ஒன்னின் பேஸ்பால் சீசன் பிப்ரவரியிலேயே தொடங்குகிறது. அதைத் தள்ளித் தொடங்கக் கேட்டுத்தான் இந்த மடல். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக அணி சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய முதல் மூன்று ஆட்டங்களும் இந்த வருடம் பனியால் ரத்தாகிவிட்டன. போன வருடம் ரத்து செய்யவில்லை, ஆடினார்கள். எங்கள் வீட்டுக்கு அதுதான் பெரிய இழப்பாகப் போனது.

மார்ச் மூன்றாவது சனிக்கிழமை அது. காரில் 2 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. என் மகளுக்கு அப்போது 12 வயது. ஸ்கோர் புத்தகம் எழுதுவதென்றால் அவளுக்கு உயிர். மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு, ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்கு வீசி அங்கிருந்து முதல் பேஸுக்குப் போனால், கண்ணை மைதானத்தில் வைத்துக்கொண்டே, பந்தைத் தொட்டவர்களின் இட எண்களை வரிசையாக 6-4-3 என்று எழுதிவிடுவாள். அன்றைக்குக் கையுறை போட்டால் பென்சில் பிடிக்க வரவில்லை, கழற்றினால் விரல் மரத்துப்போனது. இரண்டு இன்னிங்ஸ் வரை ஒரு கையுறையைக் கழற்றுவதும் எழுதுவதும் மறுபடி மாட்டுவதுமாகச் சமாளித்தாள். மூன்றாவது இன்னிங்ஸில் எழுத்து கோணலாகிவிட்டது. நான்காவதில் பென்சில் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. "அப்பா, சாவி குடுங்க, நான் கார்ல இருக்கேன்" என்றாள்.

அந்தப் பக்கத்தில் நான்காவது இன்னிங்ஸிலிருந்து எல்லாக் கட்டமும் காலி. திரும்பிப் பார்த்தேன். அரங்கில் என்னோடு சேர்த்து முப்பது பேர்கூட இல்லை. பாதிப் பேர் ஆடும் பையன்களின் அப்பா அம்மாக்கள். மாணவர் ஒருவர்கூட இல்லை. களத்திலும் நிலைமை அதேதான். உலோக பேட்டில் பந்து தப்பான இடத்தில் பட்டால் அந்த அதிர்வு முழங்கை வரை ஏறும். பேட்டர்கள் ஒவ்வொரு அடிக்கும் கையை உதறிக்கொண்டு நின்றார்கள். பந்து வீசும் பிட்சர் விரலில் ஊதிக்கொண்டே இருந்தார், பந்து பிடிக்குள் நிற்கவில்லை. நான்கு பந்து தப்பாகப் போய் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசமாகக் கிடைக்கும் வாக், மறுபடி வாக், அப்புறம் ஒரு பந்து பேட்டரின் முதுகில். இதைப் பார்த்து ஒரு குழந்தைக்கு இந்த விளையாட்டின் மேல் ஆசை வருமா? இந்த வருடம் ஆட்டம் ரத்து என்று சொன்னபோது என் மகள் "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். வருத்தப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஆகவே கேட்கிறேன்: சீசனை நான்கு வாரம் தள்ளித் தொடங்குங்கள்.

இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. முன்பு தெற்கில் உள்ள அணிகள் ஜனவரியிலேயே ஆடத் தொடங்கிவிடும். 2008இல் எல்லோருக்கும் ஒரே தொடக்க நாள் என்று நீங்கள்தான் விதி கொண்டுவந்தீர்கள். அந்த வருடம் தொடக்கம் பிப்ரவரி 22. அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனால் 2025இல் அது பிப்ரவரி 14 ஆகிவிட்டது. தள்ளிப் போக வேண்டிய தேதி இன்னும் முன்னதாக வந்திருக்கிறது. 2013இல் தரவரிசைக் கணக்கில் வெளியூர் வெற்றிக்கு 1.3, சொந்த ஊர் வெற்றிக்கு 0.7 என்று எடை வைத்தீர்கள். வடக்கு அணிகள் பாதி சீசன் பெட்டி படுக்கையோடு அலைகின்றன என்று தெரிந்துதானே அதைச் செய்தீர்கள்? கணக்கில் சரிசெய்தது நல்லது. ஆனால் வீட்டு வாசலில் ஆட்டம் பார்க்க முடியாத ரசிகனுக்கு 1.3 என்ன கொடுக்கும்?

எங்கள் பக்கத்து அணிகளின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். முதல் நான்கு வார இறுதிகளும் பெரும்பாலும் டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா, கரோலினா என்றே இருக்கும். பையன்கள் வியாழக்கிழமை வகுப்பை விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். வாரக்கணக்கில் வெளியில் களப் பயிற்சி செய்யும் அணிகளிடம், கூரைக்குள்ளேயே பயிற்சி எடுத்துவிட்டு வந்த இவர்கள் தோற்கிறார்கள். ஊருக்குத் திரும்பும்போது பனி, மழை. ஏப்ரல் கடைசியில்தான் வெயில் எட்டிப் பார்க்கும். மே முதல் வாரத்தில் தேர்வு முடிந்து மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மே கடைசிக்குள் 56 ஆட்டங்களும் முடிந்துவிடும். மரங்கள் பச்சையாகி, மாலை ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் ஜூனில் எங்கள் மைதானம் பூட்டிக் கிடக்கும்.

வடக்கில் இருப்பவர்களுக்குக் கல்லூரி பேஸ்பாலில் ஆர்வம் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது பொய். மேடிசனுக்கு வந்து பாருங்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1991 சீசனோடு பேஸ்பால் அணியையே கலைத்துவிட்டது. அதே மேடிசனில் 2001 முதல் மல்லார்ட்ஸ் என்ற கோடைக்கால அணி ஆடுகிறது. ஆடுபவர்கள் யார்? உங்கள் கல்லூரி வீரர்கள்தான். கோடை இரவுகளில் அங்கே ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடுகிறது. மிச்சிகனில் கலமசூவிலும் டிராவர்ஸ் சிட்டியிலும் கோடையில் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அதே வயதுப் பையன்கள், அதே விளையாட்டு. மாறியது மாதம் மட்டும்தான். 2019 ஜூனில் மிச்சிகன் அணி ஒமாஹாவில் நடக்கும் தேசிய இறுதித் தொடர் வரை போய் வாண்டர்பில்ட்டிடம் தோற்றதே, அந்த வாரம் என் அலுவலகத்தில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. பேஸ்பால் பார்க்காதவர்கள்கூட ஸ்கோர் கேட்டார்கள்.

ஒரு காலத்தில் நிலைமை வேறாகத்தான் இருந்தது. மிச்சிகன் 1953, 1962 என இரண்டு முறை தேசிய சாம்பியன் பட்டம் வென்றது. மினசோட்டா 1956, 1960, 1964 என மூன்று முறை. ஒஹாயோ ஸ்டேட் 1966இல். அதற்குப் பிறகு இந்தப் பகுதிக்கு ஒரு பட்டமும் வரவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்கும் ரசிகர்களைப் பொறுமை இல்லாதவர்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. குளிரில் நின்று ஒரு பிட்சரை முதல் வருடத்திலிருந்து பார்த்து, பேர் தெரிந்து, வீசும் பாணி தெரிந்து, இந்த வருடம் இவன் கலக்குவான் என்று நினைத்திருப்போம். அடுத்த பிப்ரவரியில் அவன் தெற்கில் வேறு சீருடையில் நிற்பான். 2021இல் ஒரு முறை தடையின்றிக் கல்லூரி மாறலாம் என்றீர்கள், 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்றாகிவிட்டது. பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். வெயில், நிறைந்த அரங்கு, பணம் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் இருபது வயதில் நானும் போயிருப்பேன். இது வேறு வழக்கு, இங்கே இழுக்கக் கூடாது, மன்னியுங்கள். ஆனால் இங்கேயும் ஜூனில் நிறைந்த அரங்கில் ஆடலாம் என்றால் நாலு பேராவது தங்குவார்கள் என்று நம்புகிறேன்.

தள்ளிவைப்பதில் சிரமங்கள் இருப்பது தெரியும். விடுதிச் செலவு கூடும். கோடை லீக்குகள் நாட்களைச் சுருக்க வேண்டிவரும். தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் மேஜர் லீக் டிராஃப்ட் ஜூலையில் குறுக்கே வரும். நான்கு வாரம் தள்ளினாலும் மார்ச் நடுவில் இங்கே குளிர்தான். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் இரண்டு வாரம் தெற்கே ஆடிவிட்டு வந்தால், ஏப்ரல், மே, ஜூன் பாதி வரை எங்களுக்குக் கிடைக்கும். 2020இல் அப்போது மிச்சிகன் பயிற்சியாளராக இருந்த எரிக் பக்கிச், இதே நான்கு வாரக் கணக்கைச் செலவு விவரங்களோடு எழுதி முன்வைத்தார். அது நிறைவேறவில்லை. 2022இல் அவரும் தெற்கே கிளெம்சனுக்குப் போய்விட்டார்.

உங்கள் தலைமை அலுவலகம் இண்டியானாபோலிஸில் இருக்கிறது. பிப்ரவரி நடுவில் ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்கு, அலுவலகத்துக்கு வெளியே ஒரு இரும்பு பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். கையில் ஒரு பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அட்டவணையை எடுங்கள். முழு மாற்றம் உடனே முடியாவிட்டால் இரண்டு வாரமாவது தள்ளி, இரண்டு வருடம் சோதித்துப் பாருங்கள். ஆனால் கேட்பது நான்கு வாரம்தான்.

மகளின் ஸ்கோர் புத்தகம் இன்னும் காரின் பின்சீட்டில்தான் கிடக்கிறது. அவளும் எடுக்கவில்லை, நானும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. ஒரு ஜூன் மாத சனிக்கிழமையைத் தயவுசெய்து எங்களுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மிச்சிகனிலிருந்து ஒரு ரசிகன்