திருவாதிரை நட்சத்திரம், மிதுன ராசி

மயூர் விஹார், தில்லி
30 டிசம்பர் 2020, மார்கழித் திருவாதிரை

கண்ணம்மா,

களி கிண்டி, ஏழுகாய்க் கூட்டு வைத்து, சுவாமிக்குக் காட்டிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். தபாலில் போட்டால் மெல்போர்னுக்கு எப்போது வந்து சேருமோ. எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், பெரிதாக்கிப் படித்துக்கொள்.

நேற்றும் போனில் கேட்டாய், "தனியா என்னம்மா பண்றே?" என்று. கேட்கும்போதே உன் குரல் கம்மிவிடுகிறது. நானும் "பொழுது போறதுடி" என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். போனில் சொல்ல வராததை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கொரோனா ஊரடங்கில், ஏப்ரல் 5-ஆம் தேதி ராத்திரி 9 மணிக்கு எல்லோரும் விளக்கை அணைத்து அகல் ஏற்றினார்களே, அன்றைக்குத்தான் நான் நட்சத்திரம் பார்க்க ஆரம்பித்தது. அப்பா போன பிறகு மொட்டை மாடிக்கு இருட்டில் நான் போனதே இல்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கக்கூட வாட்ச்மேனைத்தான் அனுப்புவேன். அன்று அகலை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். மேற்கே பளீரென்று ஒரு வெளிச்சம். விமானம் என்றே நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, இப்போது ஏது விமானம் என்று. எதிர் வீட்டுப் பெங்காலிப் பையன், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவன், "அது சுக்கிரன், ஆன்ட்டி. அதுக்குக் கீழே பாருங்க" என்றான். திருநீற்றைச் சிந்திய மாதிரி மங்கலாக ஒரு கொத்து. கார்த்திகையாம். அறுபத்திரண்டு வயதில் கார்த்திகை நட்சத்திரத்தை முதல் தடவையாகப் பார்க்கிறேன்! எத்தனை கார்த்திகை தீபம் ஏற்றியிருக்கிறேன்.

பையன் என் போனில் ஸ்டெல்லேரியம் என்று வானத்தைக் காட்டுகிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அதில் இருந்த பெயரெல்லாம் ஆல்டெபரான், பீட்டல்ஜூஸ் என்று இருந்தது. எனக்குத் தெரிந்ததோ ரோகிணி, மிருகசீரிஷம். எது எது என்று சேர்த்துப் பார்ப்பதுதான் என் வேலையாகிவிட்டது. அப்பாவின் பழைய டைரி ஒன்று பாதி எழுதாமல் கிடந்தது, அதை எடுத்துக்கொண்டேன். டார்ச்சின் மேல் சிவப்புத் தாள் கட்டிக்கொண்டால் கண் கூசாது. இருட்டில் இருபது நிமிஷம் ஜமக்காளத்தில் படுத்திருந்தால்தான் சின்ன நட்சத்திரங்கள் வெளியே வரும். வண்டியும் புகையும் நின்றுபோன அந்த ஏப்ரலில் தில்லி வானம் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லவே முடியாது.

மாத முடிவில் சித்திரைத் திருவாதிரை, உன் நட்சத்திரப் பிறந்தநாள். வருஷம் தவறாமல் மலை மந்திரில் உன் பேருக்கு அர்ச்சனை செய்வேன், "திருவாதிரை நட்சத்திரம், மிதுன ராசி" என்று சொல்லி. இந்தத் தடவை கோயில் பூட்டியிருந்தது. சாயங்காலம் முழுக்க மனசு ஆறவில்லை. எட்டு மணிக்கு மாடிக்குப் போனேன். மேற்கே பிறை, அதற்குக் கீழே சாய்ந்தாற்போல் சிவப்பாக ஒரு நட்சத்திரம். பீட்டல்ஜூஸ்தான் நம் திருவாதிரை. நீ பிறந்ததிலிருந்து பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். நின்ற இடத்திலேயே உன் பேரைச் சொல்லிக் கும்பிட்டேன். அழுதேன்தான். ஆனால் அது மார்ச் மாதத்து அழுகை இல்லை.

அந்த நட்சத்திரம் போன குளிர்காலத்தில் திடீரென்று மங்கிப்போனதாம். பிப்ரவரியில் ரொம்ப மங்கல், வெடித்துவிடுமோ என்றுகூடப் பேசினார்களாம். ஆகஸ்டில் ஹப்பிள் தொலைநோக்கியை வைத்துப் பார்த்தவர்கள், அது வெளியே தள்ளிய வாயு குளிர்ந்து தூசியாகித் திரை போல மறைத்திருக்கலாம் என்றார்கள். நான் பார்த்தபோது பழைய வெளிச்சம் திரும்பிவிட்டிருந்தது. எனக்கு என்னவோ, உனக்கு உடம்பு சரியாகிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி.

மே முதல் வாரத்தில் பெரியம்மா போய்விட்டாள். ரயில் இல்லை, விமானம் இல்லை. கும்பகோணத்தில் நடந்ததை இங்கே கையகல போனில் பார்த்தேன். நடுவில் படம் நின்றுபோய், திரும்ப வந்தபோது திண்ணை காலியாக இருந்தது. அந்த ராத்திரி உனக்குப் போன் செய்யவில்லை என்று கோபித்துக்கொண்டாயே, மாடியில்தான் இருந்தேன். உச்சிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், லேசாக மஞ்சள் ஓடிய சிவப்பு. அக்காவின் நட்சத்திரம் சுவாதி. டைரியில் நானே எழுதி வைத்திருந்தேன், ஆர்க்டரஸ் என்றால் சுவாதி என்று. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் எனக்கு நல்லது செய்தது என்று சொல்ல வாய் வரவில்லையடி. மார்ச் கடைசியில் நெடுஞ்சாலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்கு நடந்தே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எனக்கென்று ஒரு படிப்பு கிடைத்தது, அதை உன்னிடம் மறைப்பானேன்?

மழைக்காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்டோபரில் செவ்வாய் கிழக்கே கங்கு மாதிரி நின்றது. ஐப்பசிப் பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் தினசரி காலண்டரில் ரோகிணி என்று போட்டிருந்தது. மாடிக்குப் போனால், அந்தப் புகையிலும் நிலாவுக்குப் பக்கத்தில் ரோகிணி! இன்றைக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்கிறோமே, நிலா இன்று எந்த நட்சத்திரத்தோடு இருக்கிறது என்பதுதான் அது. ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறக்குறைய 27 நாள், அதனால் 27 நட்சத்திரம். ஆயுசு முழுக்கக் காலண்டரில் தாள் கிழித்திருக்கிறேன், இது தெரியாமல். உடனே கீழே ஓடிவந்து டைரியில் தேதி போட்டு எழுதினேன், கை நடுங்கியது.

போன வாரம், 21-ஆம் தேதி, குருவும் சனியும் ஒன்றுசேர்ந்ததைப் பையனின் பைனாகுலரில் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டால் ஆடாது. 1623-க்குப் பிறகு இவ்வளவு நெருங்கியதில்லையாம். கட்டடத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மாஸ்க் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள், நான்தான் ஒவ்வொருவருக்கும் எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டினேன். தமிழும் ஹிந்தியுமாகக் கலந்து அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

உன் ஊரில் 112 நாள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தாய், ராத்திரி வெளியே வரவும் தடை. அப்போது உன்னிடம் இதையெல்லாம் சொல்ல மனசு வரவில்லை. இப்போது சொல்கிறேன். வரமுடியவில்லையே என்று இனிமேல் அழாதே. வழி திறக்கும்போது வா.

இன்று ராத்திரி 8 மணிக்கு மாடியில் இருப்பேன். உனக்கு ஒன்றரை மணி ஆகிவிடும், லீவுதானே, ஒரு நாள் விழித்திரு. வடக்கே பார். வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்கும். அது ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் இடுப்பு. இங்கே நேராக நிற்கிற அந்த உருவம் அங்கே தலைகீழாகத் தெரியும், அதனால் மூன்றுக்கும் கீழே, வலப்பக்கம், சிவப்பாக இருப்பதுதான் உன் திருவாதிரை. பௌர்ணமி நிலா பக்கத்திலேயே இருக்கும், ஆனாலும் தெரியும். எனக்கு இங்கே கிழக்கே அப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும். பார்த்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு.

குளிர் கடுமைதான். ஸ்வெட்டர், குல்லா, அப்பாவின் சால்வை எல்லாம் போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

அன்புடன்,
அம்மா