2024–25 ஆண்டறிக்கை: தண்ணீரும் கழிவுநீரும் யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது குடியிருப்போர் நலச் சங்கம் செய்தவற்றையும் செய்யாமல் விட்டவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன். சுதந்திர தினம், பொங்கல் விளையாட்டுப் போட்டி, கண் பரிசோதனை முகாம் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. படங்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. பரிசு வாங்கியவர்களே அவற்றைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள் என்பதால் நான் அதிகம் சொல்லப் போவதில்லை.

செயற்குழுவின் நேரத்தை இந்த ஆண்டு விழுங்கியது ஒரே கேள்வி. தண்ணீர் வராவிட்டாலும், வாடையோடு வந்தாலும், சாக்கடை தெருவில் ஓடினாலும் அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார்?

மழைக்காலம் தொடங்கியதும் கடைசித் தெருவிலிருந்து புகார் வந்தது. காலையில் தண்ணீர் திறந்தவுடன் வரும் முதல் இரண்டு குடம் சாக்கடை நாற்றம் அடிக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது என்றார்கள். சில வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. தொட்டியில் குளோரின் போடுவதே இல்லை என்று தொட்டி ஆபரேட்டர் மீது பழி விழுந்தது. நம் மகளிர் உறுப்பினர்களில் ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் நீர்ப் பரிசோதனைப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தண்ணீரில் எஞ்சிய குளோரினை மஞ்சள் நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப் கருவியை எடுத்துக்கொண்டு மேல்நிலைத் தொட்டியடியில் இருந்து தெருத் தெருவாக இறங்கி வந்தார்கள். தொட்டியடிக் குழாயில் மஞ்சள் நிறம் பளிச்சென்று வந்தது. நடுத்தெருவில் வெளிறியது. கடைசித் தெருவில் நிறமே இல்லை. குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அதே குழாயில் பிடித்த தண்ணீரைக் கிருமிப் பரிசோதனைக் குப்பியில் ஊற்றி வைத்தோம். மறுநாள் அது கறுத்துப் போயிருந்தது; கிருமி இருக்கிறது என்று அர்த்தம். ஆபரேட்டர் தன் வேலையைச் செய்திருக்கிறார், கோளாறு வழியில் இருக்கிறது என்பது அத்துடன் தெளிவாகிவிட்டது.

வழி என்றால் ரேஷன் கடை முன்பிருக்கும் வால்வுக் குழி. மூடி உடைந்திருந்தது. பக்கத்துச் சாக்கடை பொங்கி உள்ளே இறங்கியிருந்ததால் வால்வு முழுவதும் கறுப்பு நீரில் மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் ஓடும் நேரத்தில் வால்வின் கழுத்திலிருந்து குமிழ் குமிழாகக் கசிவு. திறப்பை நிறுத்தியதும் குமிழ் நின்றுவிடும். அதுதான் ஆபத்தான நேரம். குழாய் காலியாகும்போது வெளியில் நிற்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை முதல் இரண்டு குடத்தில் வருவது அதுதான்.

அந்தக் குழிக்கு யார் பொறுப்பு என்று கேட்டுப் போனோம். குழாய் எங்களுடையது, சாலை எங்களுடையது இல்லை என்றது ஓர் அலுவலகம். சாலையை வெட்ட அனுமதி தருவோம், குழியைப் பற்றி எங்களிடம் கேட்காதீர்கள் என்றது இன்னொன்று. குழாயில் வருவது கூட்டுக் குடிநீர், அதைத் தருபவர்களிடம் போங்கள் என்றார் ஒருவர். சாக்கடை பொங்குவது உங்கள் வீடுகளின் செப்டிக் டேங்க் நீரால்தானே என்றார் மற்றொருவர். வயிற்றுப்போக்கு விவரத்தை எழுதிக்கொண்டவர், மாதிரி எடுப்பது வரைதான் தன் வேலை என்றார். ஐந்து பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

எனவே மனு எழுதுவதைச் சற்று நிறுத்திவிட்டு, யார் வேலை எதுவரை என்பதை ஒரு ‘பொறுப்புத் தாளாக’ எழுதி வைப்பது என்று செயற்குழு முடிவெடுத்தது. ஓய்வுபெற்ற உறுப்பினர்கள் இருவர் சட்டங்களையும் அரசாணைகளையும் படித்துக் குறிப்பெடுத்துக் கொடுத்தார்கள். அதன் சாரத்தைச் சொல்கிறேன்.

ஆற்று நீரை எடுத்து, சுத்திகரித்து, ஊராட்சியின் சம்ப் (தரைமட்ட நீர்த்தொட்டி) வரை கொண்டுவந்து ஒப்படைப்பது 1971இல் உருவான தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பணி. எவ்வளவு தந்தது என்பதை அளந்து ஊராட்சிக்குக் கட்டணச் சீட்டு அனுப்புவதும் அந்த வாரியமே. சம்ப்பைத் தாண்டிவிட்டால் எல்லாம் ஊராட்சியின் கையில். மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவது, குளோரின் கலப்பது, தொட்டியைக் கழுவுவது, வால்வு, தெருக்குழாய், கசிவு அத்தனையும் ஊராட்சி. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு குடிநீர், வடிகால், தெருத் துப்புரவு ஆகியவற்றை ஊராட்சியின் கடமை என்றே சொல்கிறது. ஆனால் ‘நிதி வசதிக்கு உட்பட்டு’ என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் பல மனுக்கள் வெளியே போய்விடுகின்றன. தண்ணீரின் தரத்தைக் கண்காணித்து எச்சரிப்பது பொதுச் சுகாதாரத் துறையும் அதன் சுகாதார ஆய்வாளரும். அவர்கள் பழுது பார்ப்பவர்கள் அல்லர். இணைப்புக் குழாயிலிருந்து வீட்டுத் தொட்டி வரை, கழிப்பறையிலிருந்து செப்டிக் டேங்க் வரை பொறுப்பு வீட்டுக்காரருடையது.

இவர்கள் எல்லாரையும் ஓரிடத்தில் உட்கார வைப்பதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்ததோடு, ஒவ்வோர் ஊரிலும் குடிநீர் மற்றும் சுகாதாரக் குழு இருக்க வேண்டும், அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் ஊரிலும் குழு உண்டு. பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, தாங்கள் உறுப்பினர் என்பதையே அறியாத சிலரை நாங்கள்தான் தேடிப்போய் வாழ்த்த வேண்டியிருந்தது. 2024 அக்டோபர் 2 கிராம சபையில் இந்தக் குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தோம். மக்கள் தொகைக்கு ஏற்ப 50 முதல் 300 பேர் வரை வந்தால்தான் கிராம சபைக்குக் குறைவெண் வரம்பு நிறைவேறும். அன்று நம் உறுப்பினர்கள் குடும்பத்தோடு வந்ததால்தான் அது நிறைவேறியது. வந்தவர்களுக்கு நன்றி. வராதவர்கள் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

குழு கூடத் தொடங்கிய சமயத்தில் ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. 2025 ஜனவரி 5 அன்று 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் ஐந்தாண்டுக் காலம் நிறைவடைந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். வார்டு உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் முறையிட்ட பழக்கம் நமக்கு. இப்போது தனி அலுவலராகப் பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டியிருக்கிறது. இதில் நமக்கு இழப்பு உண்டு என்பதே என் கருத்து. அதிகாரி கையெழுத்து வேகமாகக் கிடைக்கலாம். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது என்பது திண்ணைக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது. பணத்திலும் சிக்கல் உண்டு. 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும் என்பது அந்த மானியத்தின் நிபந்தனை.

வால்வுக் குழிக்கு வருகிறேன். சங்க நிதியிலிருந்தே செய்துவிடலாம், எத்தனை நாள் காத்திருப்பது என்று பல உறுப்பினர்கள் கோபமாகக் கேட்டார்கள். நான் எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். ஒருமுறை நாம் செய்தால் அடுத்த முறையும் நம் தலையில்தான் விழும். சந்தா கட்ட முடியாத தெருவுக்கு அப்போது யார் செய்வார்கள்? குழி சரியாகும் வரை கடைசித் தெரு வீடுகளுக்குக் குளோரின் மாத்திரை வாங்கிக் கொடுப்பது, காய்ச்சிக் குடிக்கச் சொல்வது என்பதோடு சங்கம் நிறுத்திக்கொண்டது. பரிசோதனை முடிவுகளையும் பொறுப்புத் தாளையும் இணைத்து, யாரிடம் என்ன கேட்கிறோம் என்பதை அலுவலக வாரியாகப் பிரித்து எழுதிய கடிதங்கள் போன பிறகு, சாலை வெட்ட அனுமதியும் பழுது மதிப்பீடும் ஒரே வாரத்தில் வந்தன. ஊராட்சி நிதியிலேயே வால்வின் பேக்கிங்கை (கசிவைத் தடுக்கும் அடைப்பை) மாற்றி, குழியைச் சாலை மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டி, கான்கிரீட் பலகை போட்டிருக்கிறார்கள். பிப்ரவரி முதல் கடைசித் தெருவிலும் மஞ்சள் நிறம் வருகிறது. பணியை நேரில் நின்று முடித்துக் கொடுத்த ஊராட்சிச் செயலருக்கும் ஆபரேட்டருக்கும் இந்தக் கூட்டம் நன்றி சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடலாம். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுபவர்கள் நம்மில் இருக்கிறார்கள். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாததற்கும், கசியும் இடங்களில் அழுக்கை உள்ளே இழுப்பதற்கும் இந்த மோட்டார்களும் காரணம். செயற்குழு உறுப்பினர்கள் தங்கள் வீட்டில் இருந்தவற்றைக் கழற்றிய பிறகே மற்ற வீடுகளுக்கு நோட்டீஸ் கொடுத்தோம். இன்னும் கழற்றாதவர்கள் பெயரை இங்கே வாசிக்கவில்லை. ஊராட்சி வந்து இணைப்பைத் துண்டித்தால் சங்கம் பரிந்து பேசாது. குடிநீர்க் கட்டணமும் அப்படித்தான். ஊராட்சிகளின் இரண்டாம் எண் கணக்கு மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் என்றே இருப்பது. நாம் பாக்கி வைத்தால் அங்கேயும் பாக்கி. மனுவோடு போனபோது எங்களிடம் முதலில் கேட்கப்பட்டது நம் தெருக்களின் வரி பாக்கிப் பட்டியல்தான்.

செப்டிக் டேங்க் விஷயம் இதைவிட மோசம். மழைநீருக்கும் குளியலறை நீருக்கும் கட்டிய வடிகாலில் செப்டிக் டேங்க் நீரை இணைத்திருக்கும் வீடுகள் நிறைய. பல தொட்டிகள் கட்டிய நாளிலிருந்து திறக்கப்படவே இல்லை. இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும். லாரி வைத்து எடுப்பவர்கள், கழிவை எங்கே கொண்டுபோய் இறக்குகிறார்கள் என்று கேட்பதில்லை. ஏரிக்கரையில் இரவில் இறக்கியதாக ஒரு புகார் வந்தது. இனி சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்கான ரசீது காட்டும் லாரிகளை மட்டுமே அழைப்பது என்று செயற்குழு பரிந்துரைக்கிறது.

ஆளை உள்ளே இறக்குவது பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்க்கிலோ சாக்கடையிலோ ஒருவரை இறக்கி வேலை வாங்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். அப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. லாரிக்காரர் அழைத்து வந்தார், எனக்குத் தெரியாது என்று வீட்டுக்காரர் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பது நம் தெருவில் நடக்கக் கூடாது. அடைப்பு எடுக்க ஆள் வந்தால், மூடியைத் திறப்பதற்கு முன் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

குப்பையில் பெரிய முன்னேற்றம் இல்லை. இந்த அறிக்கை ஆண்டில் நடைமுறையில் இருந்த 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளின்படி பிரித்துக் கொடுக்க வேண்டியது நம் வேலை. தூய்மைக் காவலர்கள் செயற்குழுவுக்கு வந்து, நாப்கினும் உடைந்த கண்ணாடியும் காய்கறிக் குப்பையோடு கலந்து வருவதைக் கையைக் காட்டிச் சொன்னார்கள். நூறு பேருக்கு மேல் கூடும் விசேஷம் வைத்தால் மூன்று வேலை நாள்களுக்கு முன்பே ஊராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. காதுகுத்து வைப்பவர்கள் கவனிக்க.

பொறுப்புத் தாள் ஒரே பக்கமாக அச்சிட்டு வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். பெயர்கள் மாறும் என்பதால் அதில் பதவிகள் மட்டுமே உள்ளன. மூன்று தீர்மானங்கள் உங்கள் ஒப்புதலுக்கு வருகின்றன: வடிகாலில் இணைத்த செப்டிக் டேங்க் குழாய்களை ஆறு மாதத்துக்குள் துண்டிப்பது, மாதந்தோறும் கடைசித் தெருத் தண்ணீரைப் பரிசோதித்து முடிவைப் பலகையில் ஒட்டுவது, ஊராட்சித் தேர்தல் நடக்கும் வரை தனி அலுவலரோடு மாதம் ஒரு சந்திப்புக் கேட்பது. முதல் தீர்மானத்துக்கு எதிர்ப்பு இருக்கும் என்று தெரியும். செலவு பிடிக்கும் வேலை, விவாதத்துக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்