டர்போ போகவில்லை, மாப்ள

மண்டபம்

அன்பு மாப்ளைக்கு,

காரின் டர்போ போய்விட்டது என்று ஷார்ஜாவிலிருந்து நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். போனில் பேச ஆரம்பித்தால் நீ பாதியிலேயே ஊர்க் கதைக்குப் போய்விடுவாய், காரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். முதலில் ஒன்று, காரை விற்க புரோக்கரிடம் விலை பேசினாயாமே, அதை நிறுத்து. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற அந்த டர்போ கெட்டுப்போகவில்லை.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. கடலுக்குப் போகிறவர்களுக்கு ஓய்வு, படகு என்ஜின் பார்க்கிற எனக்கு இப்போதுதான் வேலை. ஹெட்டை இறக்கு, நாசிலைப் பார் என்று ஆளுக்கொரு பக்கம் கூப்பிடுகிறார்கள். இதற்கு நடுவில்தான் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உன் தம்பி காரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினான். உங்கம்மா தொதல் கொடுத்து விட்டிருந்தார்கள். டப்பா முக்கால்வாசிதான் இருந்தது, பெரியபட்டினத்திலிருந்து வருகிற வழியில் என்ன நடந்ததென்று நான் கேட்கவில்லை.

அவன் சொன்ன கதை இது. ஓடிக்கொண்டிருக்கும்போதே செக் என்ஜின் லைட் எரிகிறது, அதோடு பிக்கப் போய்விடுகிறது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் வண்டி மாட்டு வண்டியாகிவிடுகிறது. ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுப் போட்டால் பழையபடி பறக்கிறது. ஆனால் லைட் மட்டும் அணையாது. மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டு, பி0299 என்ற கோளாறு எண்ணை, அதாவது கோடைப் (code) பார்த்து, அதை அழித்து அனுப்பியிருக்கிறார்கள். பரமக்குடி தாண்டுவதற்குள் மறுபடி எரிந்திருக்கிறது. இரண்டாவது தடவை போனபோது டர்போவையே மாற்ற வேண்டும், 48,000 ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள்.

பி0299 என்றால் டர்போ கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, மாப்ள. கேட்ட அளவுக்குக் காற்றழுத்தம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று அந்தக் கோடு சொல்லாது. டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் ஹோஸ் பிளந்திருக்கலாம், வேக்கம் (உறிஞ்சி இழுக்கும் வெற்றிடம்) போகிற லைன் ஒழுகலாம், அந்த வேக்கத்தைத் திறந்து மூடுகிற சாலினாய்டு வால்வு மக்கர் பண்ணலாம், பிரஷர் சென்சாரே பொய் சொல்லலாம். இத்தனையும் பார்த்த பிறகுதான் டர்போவின் முறை. காற்று குறைந்தால் காரில் இருக்கும் கம்ப்யூட்டர் டீசலையும் குறைத்துவிடும், இல்லாவிட்டால் கரும்புகையும் சூடும் ஏறும். லிம்ப் மோட் என்கிறார்களே, அது இதுதான். என்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. சாவியை அணைத்துப் போட்டால் கம்ப்யூட்டர் மறுபடி நம்பிப் பார்க்கிறது, அழுத்தம் குறையும்வரை முழு பவரையும் கொடுக்கிறது. உன் தம்பிக்கு இது பேய் பிடித்த மாதிரி தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

நான் பானெட்டைத் திறக்கவில்லை. எங்கெங்கே வருகிறது என்றுதான் முதலில் கேட்டேன். டவுனுக்குள் வராது. காலையில் எடுத்தவுடன் வராது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்தில் ஏறும்போது வரும். அங்கேதான் தெரியுமே, நடுப்பாலத்தில் வேனை நிறுத்திவிட்டுப் படம் எடுப்பார்கள், நின்ற இடத்திலிருந்து ஏற்றத்தில் இழுக்க வேண்டும். பரமக்குடி ரோட்டில் லாரியை முந்தும்போதும் வருமாம். என் மகன் வாங்கி வைத்திருக்கிற புளூடூத் டாங்கிளை (கார் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டுகிற சின்னக் கருவி) ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகிப் பார்த்தேன். லைட் எரிந்த நொடியில் வண்டி எப்படி இருந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு பதிவு வைத்திருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். வேகம் 60 சொச்சம், ஆர்பிஎம் 2,300, என்ஜின் லோடு 90 சதவீதத்துக்கு மேல், தண்ணீர்ச் சூடு 88 டிகிரி. தம்பி சொன்னதோடு அச்சாகப் பொருந்தியது. மதுரையில் முதல் வேலையாகக் கோடை அழித்தபோது இந்தப் பதிவையும் சேர்த்துத்தான் அழித்துவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் இருக்கிற கோபம் எஸ்டிமேட்டைப் பற்றியதல்ல, இதைப் பற்றித்தான்.

டர்போவுக்குள் சுழல்கிற வீலே போயிருந்தால் குளிர்ந்த என்ஜினிலும் வண்டி செத்துத்தான் கிடக்க வேண்டும். சங்கு ஊதுகிற சத்தம், நீலப் புகை, ஆயில் குறைவது எல்லாம் இருக்கும். எதுவும் இல்லை. ஹோஸைக் கழற்றி வீலை விரலால் ஆட்டிப் பார்த்தேன், பக்கவாட்டில் இருக்க வேண்டிய சிறு ஆட்டம்தான் இருந்தது, முன்னும் பின்னும் அசையவே இல்லை.

அடுத்து சென்சார். என்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் போட்டு, அழுத்தம் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்தேன். நாம் இருப்பது கடல் மட்டம், 101 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். 100 காட்டியது. (இதே வண்டி கொடைக்கானலில் நின்றால் 80க்குக் கீழேதான் காட்டும், அதைப் பார்த்துச் சென்சாரை மாற்றினால் தண்டச் செலவு.) பிறகு தம்பியை ஓட்டச் சொல்லி நான் போனைப் பார்த்துக்கொண்டு வந்தேன். குளிர்ந்த என்ஜினில் முழு மிதியில் 200ஐத் தாண்டியது. உச்சிப்புளி வரை போய்ச் சூடேறித் திரும்பும்போது 150ஐத் தாண்ட மறுத்தது. சூட்டில் மட்டும் வருகிற கோளாறு என்றால் எனக்கு ரப்பர்மேல்தான் சந்தேகம் போகும்.

இந்த வகை டர்போவை வேக்கம்தான் ஆட்டுவிக்கிறது. வேக்கம் இழுத்தால் ராடு நகர்ந்து உள்ளே இருக்கும் வேன்கள் (இலை மாதிரித் தகடுகள்) மூடி அழுத்தம் ஏறும். இழுக்காவிட்டால் திறந்தே கிடக்கும். வேக்கம் பார்க்கிற கைப்பம்பு என்னிடம் இல்லை. மெடிக்கலில் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கினேன். அந்த ராடை நகர்த்துகிற ஆக்சுவேட்டரில் ஒரு துண்டுக் குழாயை மாட்டி சிரிஞ்சால் இழுத்தால் ராடு நகர்ந்தது, பிடித்த இடத்தில் நின்றது. ஆக, ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் சவ்வு (டயாபிரம்) கிழியவில்லை, வேன்களும் கரியில் இறுகவில்லை. பிறகு சாலினாய்டிலிருந்து டர்போவுக்குப் போகிற ஹோஸைக் கழற்றி ஒரு முனையை விரலால் அடைத்து மறுமுனையில் இழுத்துவிட்டேன். பிளஞ்சர் துள்ளிப் பழைய இடத்துக்கே திரும்பியது. ஒழுகல் இல்லை. சரி என்று ஹோஸை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்து மறுபடி இழுத்தேன். இந்த முறை பிளஞ்சர் இழுத்த இடத்திலேயே நின்றுவிட்டது. காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். மடக்கிப் பார்த்தால் வளைவின் அடிப்பக்கத்தில் ஒரு கீறல், நகத்தளவுகூட இல்லை. பார்வைக்கு ஹோஸ் புத்தம் புதிதாகத்தான் இருந்தது.

அதோடு விடவில்லை. சாலினாய்டு கனெக்டரைக் கழற்றினால் பின்னில் பச்சைக் களிம்பு. உன் வீடு கடலைப் பார்த்து இருக்கிறது, கச்சான் காற்று அடித்தால் கிரைண்டர் சுவிட்ச்சே பூத்துப்போகிற இடம். கிளீனர் அடித்துத் துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டினேன். புது ஹோஸ் 180 ரூபாய். அதை உன் கணக்கில் எழுதிவிட்டேன்.

எல்லாம் மாட்டிய பிறகுதான் கோடை அழித்தேன். அன்றைக்கே உச்சி வெயிலில் என் படகு ஆட்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்தில் நடுவில் நிறுத்தி, நின்ற இடத்திலிருந்து இழுத்தோம். நீ போன பிறகு 2025-ல் திறந்த புது ரயில் பாலம் பக்கத்திலேயே தெரியும், ஆட்கள் அதைப் பார்த்தார்கள், நான் போனைப் பார்த்தேன். 200ஐத் தாண்டிப் போனது. அரிச்சல்முனை வரை ஓட்டித் திரும்பினோம், லைட் வரவில்லை. ஆனால் உன் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், லைட் அணைந்திருப்பதை மட்டும் வைத்துச் சரியாகிவிட்டது என்று நினைக்காதே என்று. கோளாறு மூன்று ஓட்டம் தொடர்ந்து தலைகாட்டாவிட்டாலே லைட் தானாக அணைந்துவிடும், அதற்காகக் கோளாறு போய்விட்டதென்று இல்லை. மறுபடி வந்தால் எவனையும் அழிக்க விடாமல் நேரே என்னிடம் கொண்டுவரச் சொன்னேன். சிவப்பில் ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் ஓட்டிக்கொண்டு வரவும் கூடாது, அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. அதே வயதுள்ள ரப்பர் இன்னும் இரண்டு ஹோஸ் இருக்கிறது, வேக்கம் பம்பிலிருந்து வருவதும், புகையில் கொஞ்சத்தைத் திருப்பி என்ஜினுக்குள் விடுகிற இஜிஆருக்குப் போவதும். இப்போதைக்குப் பிடித்து நிற்கிறது. தடைக்காலம் முடிவதற்குள் அதையும் மாற்றிவிடுகிறேன்.

பெருநாளைக்கு வருகிறாய் என்று தம்பி சொன்னான். ஷார்ஜாவில் கேஜ் வைத்த வேக்கம் கைப்பம்பு கிடைக்கும், ஒன்று வாங்கி வா. ஹோஸ் காசை அதில் கழித்துக்கொள்ளலாம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பு.

உன் மாப்ள