அந்தக் கோப்புப் படத்தில் இருப்பவன் என் தம்பி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹெராயின் கடத்தல் கும்பல் பிடிபட்டதாகச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த செய்தியுடன் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில், கைதான நால்வரும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மற்றொன்றில், ஓர் இளைஞன் சுவரில் சாய்ந்து, இடது கையை நீட்டியபடி, வாய் சற்றே திறந்திருக்கக் கண்மூடிக் கிடந்தான். கீழே ‘கோப்புப் படம்’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தீர்கள். அவன் என் தம்பி. போதையை விட்டு ஆண்டுகள் ஆகின்றன. அச்சகம் ஒன்றில் வேலை பார்க்கிறான். விற்றவர்களுக்குத் துணி கிடைத்தது, என் தம்பிக்கு அதுவும் இல்லை.

அந்தப் படத்தை எடுத்த புகைப்படக் கலைஞர்மீது புகார் சொல்ல இதை எழுதவில்லை. அவர் முதலில் பல வாரங்கள் கேமராவைப் பையிலிருந்து எடுக்காமலே தம்பியோடும் அவன் நண்பர்களோடும் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாராம். படம் எடுத்த அன்றே தம்பி சம்மதம் சொல்லிவிட்டான். ஆனால் ஊசி கிடைக்காமல் உடம்பு முறுக்கித் தவிக்கும் நேரத்தில் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்து விழும். அது அந்தப் புகைப்படக்காரருக்குத் தெரிந்திருந்தது. தம்பி சிகிச்சையில் சேர்ந்து, தெளிந்து பேசத் தொடங்கிய பிறகு, அச்செடுத்த படங்களோடு மறுவாழ்வு மையத்துக்கு வந்து, அவற்றைக் கண்காட்சியில் வைக்கலாமா என்று மறுபடியும் கேட்டார். மேசையில் பரப்பியவற்றில் இரண்டைத் தம்பி தனியாக எடுத்து, “இவை வேண்டாம்” என்றான். ஒன்றில் ஊசி நரம்பில் ஏறியிருந்தது. மற்றதில் பக்கத்தில் இருந்த பெண்ணின் முகம் தெரிந்தது. அவளிடம் கேட்க வழியில்லை, இறந்துவிட்டாள். இரண்டும் கண்காட்சிக்குப் போகவில்லை.

நீங்கள் வெளியிட்ட படம் அந்தக் கண்காட்சித் தொடரில் நடுவில் வருவது. அதற்கு முன்னே நண்பன் சொன்ன ஏதோ ஒன்றுக்கு அவன் சிரிக்கிறான். பின்னே ஒரு செவிலியர் அவன் கையில் சீழ்பிடித்த புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறான். வரிசையாகப் பார்ப்பவருக்கு ஒரு மனிதன் தெரிவான். கண்காட்சி பற்றிய செய்திக்காக மட்டும் உங்களுக்குத் தரப்பட்டது அந்த நடுப்படம். அன்றிலிருந்து கஞ்சா பிடிபட்டாலும் அவன்தான், போதை மாத்திரை பிடிபட்டாலும் அவன்தான்!

தம்பியின் பொருட்டு இத்தகைய படங்களை நானும் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். 1965இல் லைஃப் இதழுக்காக பில் எப்ரிட்ஜ், ஹெராயினுக்கு அடிமையான நியூயார்க் ஜோடி ஒன்றோடு கூடவே திரிந்து படமெடுத்தார். 2018இல் டைம் இதழ், அமெரிக்காவின் ஓபியாய்டு (ஹெராயின், சில வலி நிவாரணிகள் போன்ற அபின் வகை மருந்துகள்) நெருக்கடி குறித்து ஜேம்ஸ் நாக்ட்வே எடுத்த படங்களுக்கே ஓர் இதழ் முழுவதையும் ஒதுக்கியது. நேன் கோல்டின் தன் நண்பர்களோடு தன்னையும் படமெடுத்தவர். வலி நிவாரணி மாத்திரைக்கு அடிமையாகி மீண்டபின், 2017இல் அந்த மாத்திரையை விற்ற நிறுவனத்தின் உரிமையாளர் குடும்பத்துக்கு எதிராக இயக்கமே தொடங்கினார். மூவரில் எனக்கு அவரைத்தான் மிகவும் பிடிக்கிறது. மற்ற கேமராக்கள் பெரும்பாலும் தெருவில் விழுந்து கிடப்பவனோடு நின்றுவிடுகின்றன. பணம் எண்ணுபவன் வீட்டு வாசல் வரை அவை போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊசி, ஹெராயினைச் சூடாக்கிக் கரைத்து அடி கரிந்த கரண்டி போன்றவற்றைப் பெரிதாகக் காட்டும் படங்கள், மீண்டவர்களுக்கு அடங்கிய வேட்கையைக் கிளப்பிவிடக்கூடும். சிகிச்சை அளிப்பவர்கள் நன்கு அறிந்த விஷயம் இது. அப்படி ஒரு பக்கம் கண்ணில் பட்டால் தம்பி இன்றும் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்விடுவான். விழிப்புணர்வுக்காக என்று நீங்கள் போடும் பக்கத்தை மிகக் கூர்ந்து பார்ப்பவர்களில் அவனைப் போன்றவர்களும் உண்டு என்பதைப் பக்கம் அமைப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

படத்தை எங்குமே இல்லாமல் செய்துவிடலாமா என்று அவனிடம் கேட்டேன். “வேண்டாம் அக்கா. கண்காட்சியில் இருக்கட்டும். அன்று நான் அப்படித்தான் இருந்தேன். கடத்தல்காரர்களோடு மட்டும் என்னைச் சேர்க்க வேண்டாம்” என்றான். நானாக இருந்தால் எரித்திருப்பேன். ஆனால் முகம் அவனுடையது.

ஆகவே, கடத்தல் செய்தியின் இணையப் பக்கத்திலிருந்து அந்தப் படத்தை நீக்குங்கள். உங்கள் படக் கோப்பில், அது கண்காட்சிச் செய்திக்கு மட்டும் தரப்பட்டது என்று குறித்து வையுங்கள். கைது செய்திக்குப் படம் தேவையென்றால் பிடிபட்ட பொட்டலங்களைப் போடலாமே. இக்கடிதத்தின் பிரதியைப் படத்தின் உரிமையாளரான புகைப்படக் கலைஞருக்கும் அனுப்பியிருக்கிறேன். இதை வெளியிடுவதானால் என் பெயரைத் தவிர்க்கவும், அதை வைத்துத் தம்பியை எளிதில் அடையாளம் கண்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா