எழுத்துக்கும் உண்டு காலும் கொம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாலு வயதுக் குழந்தை 'டைரனோசரஸ் ரெக்ஸ்' என்று தடுமாறாமல் சொன்னால் வீடே பூரித்துப்போகிறது. உடனே டைனோசர் படம் போட்ட அட்டைகள் வந்துவிடும். படத்துக்குக் கீழே இருக்கும் பெயரைக் காட்டி 'படி' என்றால் குழந்தையும் கடகடவென்று சொல்லும். படத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கேளுங்கள், முழிக்கும். இவ்வளவு நேரமும் அது படத்தைத்தான் வாசித்திருக்கிறது. தொடக்க வகுப்புகளில் வாசிக்கக் கற்றுத்தருபவர்கள் என்ற முறையில் இதுபற்றிப் பெற்றோரிடமும், உங்கள் சிறுவர் பக்கத்தைத் தயாரிப்பவர்களிடமும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. டைனோசர் ஆசை வாசிப்புக்கு அருமையான வாசல். ஆனால் அதன் பெயரிலிருந்து தொடங்கினால் வழி அடைத்துக்கொள்கிறது; பல்லிலிருந்தும் வாலிலிருந்தும் தொடங்கினால் திறக்கிறது.

'டைனோசர்', 'டைரனோசரஸ்' இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் டகரம் 'குடை'யில் வருவதுபோல மெத்தென்று ஒலிக்கிறது. இரண்டாவதில் 'சட்டை'யில் வருவதுபோல அழுந்துகிறது. எழுத்து இரண்டிலும் அதே 'டை'தான். பழகிய தமிழ்ச் சொல்லில் இந்தச் சிக்கல் குழந்தையைத் தடுக்காது. 'பகல்' என்பதை முதல் தடவை 'பக்கல்' என்று வாசித்தாலும், தெரிந்த சொல் என்பதால் காதே திருத்திவிடும். டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதே இல்லை என்பதால் இந்தப் பெயர்களில் காது துணைக்கு வராது. போதாக்குறைக்கு 'ஸ்டெகோசரஸ்', 'ட்ரைசெராடாப்ஸ்' இரண்டும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்குகின்றன. தமிழ்ச் சொல் எதுவும் மெய்யில் தொடங்காது. குழந்தை 'இஸ்டெகோசரஸ்' என்று சொன்னால் அதட்ட வேண்டாம். தமிழ் பழகிய நாக்கு அப்படித்தான் வழி தேடும்.

அதற்காகப் பெயர்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதில்லை. காதுக்கு இவற்றைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது. எழுத்தைக் கண்ணில் காட்டாமல், கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். டை-னோ-சர், மூன்று தட்டு. ட்ரை-செ-ரா-டாப்ஸ், நாலு. டை-ர-னோ-ச-ரஸ், ஐந்து. இது பழகியதும் 'டைனோசரில் டை போனால் மிச்சம் என்ன?' என்று கேட்கலாம். 'னோசர்' என்று பதில் வந்தால், ஒலியைத் துண்டாக்கவும் ஒட்டவும் தெரிந்துவிட்டது என்று பொருள். நாளுக்கு இரண்டு பெயர், மூன்று நிமிடம், அவ்வளவுதான். இங்கே பெரியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. 'எத்தனை எழுத்து?' என்று கேட்டுவிட்டு, மூன்று தட்டிய குழந்தையிடம் 'நாலு எழுத்து, தப்பு' என்கிறார்கள். டைனோசருக்கு எழுத்து நாலு, தட்டு மூன்று. கடைசி 'ர்' தனியாகத் தட்டு வாங்காது. முன்னால் இருக்கும் சகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு கணக்கையும் ஒரே நாளில் கலந்தால் சரியாகக் கேட்கும் குழந்தைகூடக் குழம்பிவிடும்.

எழுத்துக்கு வரும்போது ட, ப, ம, த, க, ல, ர என்ற ஏழும் புள்ளியும் போதும். பல், கல், தடம், மரம், கடல், பகல், பட்டம் எல்லாம் இவற்றிலிருந்தே கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு எழுத்து என்பது நிதானமான வேகம். டைனோசரின் உடம்பைச் சொல்ல நம்மிடம் இருக்கும் சொற்களைப் பாருங்கள்: பல், வால், கால், தலை, நகம், முள், தட்டு, கொம்பு, முட்டை, எலும்பு. எதுவும் நாலு எழுத்தைத் தாண்டவில்லை. எல்லாமே குழந்தை ஏற்கெனவே பேசுகிற சொற்கள். வாசித்து முடித்த கணமே பொருள் தெரிந்துவிடும். அப்போது முகத்தில் வரும் வெளிச்சம்தான் அடுத்த சொல்லுக்குக் கூட்டிப்போகிறது.

மெய்யெழுத்தை 'இக், இங், இச்' என்று ஒப்பிக்கவைத்தே பழக்குகிறோம். வரிசை மனப்பாடமாக அது சரி. சேர்த்து வாசிக்கும்போது அதுவே காலை வாரிவிடும். 'ப', 'இல்' என்று சொன்ன குழந்தை அடுத்ததாக 'பயில்' என்கிறது. கேட்டதை அது ஒழுங்காகத்தான் சேர்த்திருக்கிறது. கொடுத்த ஒலி பிசகு. 'ப' என்று தொடங்கி, நிறுத்தாமல் நாக்கை மேலே ஒட்டி 'ல்ல்ல்' என்று இழுத்துக் காட்டுங்கள். ல், ம், ர், ன் போன்றவற்றை இழுக்கலாம். க், ட், ப் இழுபடாது. அதனால்தான் முதல் சொற்கள் 'ல்', 'ம்' என்று முடிவதாக இருக்க வேண்டும். பல், கல், தடம், மரம் என்று மேலே தேர்ந்ததன் காரணமும் அதுவே.

காலடிப் பாதை நல்ல விளையாட்டு. கெட்டி அட்டையில் மூன்று விரல் உள்ள பாதம் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து எழுதித் தரையில் ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். குறிலுக்கு ஓர் அடி. புள்ளி எழுத்து வந்தால் இரண்டு காலையும் சேர்த்து நிற்க வேண்டும். முதலில் மெதுவாக நடந்து, பிறகு அதே பாதையில் வேகமாக ஓடினால் த-ட-ம் என்று பிரிந்திருந்தது 'தடம்' என்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் இடைவெளிதான் காரணம். அடுத்த எழுத்துக்குத் தாவுவதற்குள் முந்தைய ஒலி நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. அட்டைகளை மேசைக்கு மாற்றி, நாலு விரல் இடைவெளியில் வைத்து, பொம்மை டைனோசரை நடக்கவிட்டால் சரியாகிவிடும்.

மணலில் புதைத்துத் தோண்டும் விளையாட்டில் எச்சரிக்கை வேண்டும். ஆறு அட்டைக்கு மேல் புதைக்காதீர்கள். நாலு தெரிந்த எழுத்து, இரண்டு புதிது. ஓர் அட்டையை எடுத்து வாசித்த பிறகே அடுத்ததைத் தோண்டலாம் என்பது விதி. இருபது அட்டையைப் புதைத்தால் மிஞ்சுவது தோண்டல் மட்டுமே. தூரிகையால் மணலை முகத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளப் பழக்குங்கள். மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கை இருக்கும் வீட்டில் சின்னப் பொம்மைகளைத் தரையில் விட வேண்டாம்.

இனி, எங்களுக்கு மிகவும் பிடித்த இடம். டைனோசருக்குக் காலும் கொம்பும் இருப்பதுபோலத் தமிழ் எழுத்துக்கும் உண்டு. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு என்று பெயர்கூடத் தயாராக இருக்கிறது. 'கல்' என்ற சொல்லில் ககரத்துக்கு வலப்பக்கம் ஒரு கால் முளைத்தால் அது 'கால்' ஆகிவிடுகிறது! குழந்தையே ஒரு காகிதக் காலை ஒட்டி இதைச் செய்துபார்க்கட்டும். பல் பால் ஆகும். அடுத்து வகரத்தைச் சேர்த்தால் வால் வந்துவிடும். இந்தக் கட்டத்திலேயே 'கல் பார். தடம் பார். கால் தடம் பார்' என்று ஒரு குட்டிப் புத்தகம் தைத்துக் கொடுத்துவிடலாம். எழுத்துரு மட்டும் கவனம். சில எழுத்துருக்களில் ரகரத்தின் வால் மிகச் சிறியது. அது துணைக்கால் போலவே தெரிந்து, 'பார்' என்ற சொல் குழந்தைக்குப் புதிராகிவிடும். ரகரத்தின் வால் தெளிவாகச் சாய்ந்து தெரியும் எழுத்துருவே வேண்டும்.

கொம்புதான் கடினம். அது எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது. கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாய் எழுத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 'தலை' என்பதில் நடுவே நிற்கும் இணைக்கொம்பைத் தகரத்தோடு சேர்த்து 'தைல' என்று வாசிக்கும் குழந்தை கவனக்குறைவால் அப்படிச் செய்யவில்லை. இடமிருந்து வலம் போ என்று நாம் சொன்னதைக் கடைப்பிடிக்கிறது. மருந்து எளிது. கொம்பையும் அதன் எழுத்தையும் ஒரே நிறத்தில், இடைவெளி இல்லாமல் எழுதுங்கள். அடுத்த எழுத்து வேறு நிறத்தில் இருக்கட்டும். சுட்டுவிரலைக் கொம்பின் அடியில் வைக்காமல் எழுத்தின் அடியில் வைக்கச் சொல்லுங்கள். கொம்பை மட்டும் தனி அட்டையாக வெட்டி வைத்தால் அது எந்தப் பக்கமும் ஒட்டிக்கொள்ளும்; கொம்பும் எழுத்தும் ஒரே அட்டையில் இருப்பதுதான் நல்லது. பத்து நாளில் நிறத்தை நீக்கிவிடலாம்.

ஒற்றைக்கொம்பு குறிலுக்கு, இரட்டைக்கொம்பு நெடிலுக்கு. இந்த வேறுபாட்டை எழுத்தில் கொண்டுவந்தவராக வீரமாமுனிவரைச் சொல்வார்கள். குழந்தைக்கு 'மெல்', 'மேல்' இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இலையை மெல், மரத்தின் மேல். இதற்கு ட்ரைசெராடாப்ஸ் பொம்மை பொருத்தம். கண்ணுக்கு மேலே இரண்டு, மூக்கில் ஒன்று என மூன்று கொம்பு அதற்கு. இலை தழைகளைப் பல்லால் நறுக்கித் தின்ற பிராணியும்கூட. நெட்டைக் கழுத்துக்காரர்களான பிராக்கியோசரஸ் போன்றவை அவ்வளவாக மெல்லாமல் விழுங்கியவை. அவற்றுக்கு இந்தச் சொல்லைக் கொடுக்காதீர்கள். குட்டி வாசகருக்கு எழுதுவதும் உண்மையாக இருக்க வேண்டும். அதேபோல, பொம்மைப் பெட்டியில் கலந்து வரும், தோல் சிறகு விரித்த டெரோசர்கள் டைனோசர் அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக இரண்டு பக்கமும் குறி வாங்கும் எழுத்துகள். 'கொம்பு' என்ற சொல்லையே எடுங்கள். ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். அந்தச் சொல்லே ஒரு பிராணிபோல நிற்கிறது. 'கொ' வந்தபின் 'கோ' எளிது. 'ௌ' குறி ளகரம்போலத் தெரிந்து குழப்பும், வேலையும் குறைவு. அதைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். உகரக் குறி எழுத்துக்கு எழுத்து உருமாறுவதால் மு, பு, து, டு என்று சொல்லில் வரும்போது ஒவ்வொன்றாகப் பழக்குவதே நலம்.

குழந்தை உண்மையிலேயே வாசிக்கிறதா என்று அறிய ஒரு சோதனை போதும். கால் படத்துக்குக் கீழே 'வால்' என்று எழுதி வையுங்கள். 'கால்' என்று பதில் வந்தால் படத்தைத்தான் பார்க்கிறது. இன்னும் ஒரு வாரம் சொல்லை வாசித்த பிறகே படத்தைத் திருப்பிக் காட்டுங்கள்.

இதெல்லாம் கைவந்த பிறகு பெயர்களைத் திறந்துவிடலாம், அப்போது வரும் வேகமே தனி. ரிச்சர்ட் ஓவன் 1842-இல் இந்தப் பிராணிகளுக்குப் பொதுப்பெயர் சூட்டியபோது பல்லியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அதில் சேர்த்தார். 'சரஸ்' என்ற வாலும் அதே கிரேக்கச் சொல்லிலிருந்து வருவதுதான். முதலில் அந்த 'சரஸ்' துண்டை மட்டும் வாசிக்கப் பழக்கி, பிறகு முன்பகுதியை ஒரு அட்டையால் மறைத்து மறைத்துத் திறந்தால் அலோசரஸ், ஸ்டெகோசரஸ், டைரனோசரஸ் எல்லாம் ஒரே மாலையில் விழும். முதல் பெயராக ராஜாசரஸைக் கொடுங்கள். நர்மதைப் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புகளுக்கு 2003-இல் வைத்த பெயர் அது. முன்பாதி தெரிந்த சொல், கொம்பு ஒன்றுகூட இல்லை.

ஆங்கில ஒலிப்பயிற்சிக்கும் இதே பொம்மைகள் உதவும், ஆனால் அதே அமர்வில் வேண்டாம். அங்கே ஓர் எழுத்து ஒலியின் ஒரு துண்டு. இங்கே பெரும்பாலும் முழு அசை. பிரிக்கும் விதமே வேறு.

உங்களிடம் கேட்பது இதுதான். சிறுவர் பக்கங்களில் டைனோசர், டைனோசார், டைனசோர் என்று வாரத்துக்கு ஒரு விதமாக எழுத்துக்கூட்டுகிறார்கள். ஏதாவது ஒன்றை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர் முதல்முறை வரும்போது டை-ர-னோ-ச-ரஸ் என்று பிரித்து அச்சிடுங்கள். வரி முடிவில் சொல்லை உடைக்காதீர்கள். எழுத்து 20 புள்ளி அளவுக்குக் குறைய வேண்டாம். படத்தை வரிகளுக்குப் பக்கத்தில் வைக்காமல் கீழே வையுங்கள். தாளை மடித்தால் படம் மறைந்துவிடும், வாசித்த பிறகு விரித்துப் பார்க்கலாம். உள்ளங்கை அளவு இடம் போதும். முதல் வாரத்துக்கு இதைப் போடலாம்:

இது மலை. மலை மேலே கல். கல் மேலே தடம். மூன்று விரல் தடம். வால் எங்கே? தலை எங்கே?

இப்படிக்கு,
தொடக்க வகுப்பு வாசிப்பு ஆசிரியர்கள்