செயலாளரின் ஆண்டறிக்கை: ஆக்ட் பயிற்சியில் நம் சங்கத்தின் ஒரு வருடம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் என்னைச் செயலாளராக்கியபோது நீங்கள் ஒப்படைத்த முக்கியமான வேலை ஒன்றுதான். ஏற்பு மற்றும் அர்ப்பணிப்பு சிகிச்சையில், அதாவது கசப்பான எண்ணங்களையும் உணர்வுகளையும் விரட்டப் பார்க்காமல், அவற்றோடே தனக்கு முக்கியமானதைச் செய்யப் பழக்குகிற, நாம் ஆக்ட் என்று ஒரே சொல்லாகச் சொல்கிற உளவியல் சிகிச்சை முறையில், நம் சிகிச்சையாளர்களுக்கு ஒழுங்கான பயிற்சி தர வேண்டும் என்பது. அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான், அதனால் மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது, ஒரு மாதம் மட்டும் போதிய பேர் வராமல் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நூலகப் புத்தகங்களை எடுத்துப் போனவர்கள் தயவுசெய்து திருப்பித் தாருங்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். முதல் நான்கு மாதம் நாங்கள் நடத்திய விதம் தவறு, அதற்குப் பொறுப்பு என்னுடையது. எல்லா வகுப்புகளையும் சொற்பொழிவாகவே வைத்துவிட்டேன். ஆக்டை உருவாக்கிய ஹேய்ஸ், ஸ்ட்ரோசால், வில்சன் மூவரும் 1999இல் எழுதிய நூலிலிருந்து தொடங்கி, மொழி எப்படி மனிதனின் துன்பத்தைப் பெருக்குகிறது என்று விளக்குகிற உறவுச் சட்டகக் கோட்பாடு, அப்புறம் அறுகோணப் படத்தில் வரும் ஆறு செயல்பாடுகள் (ஏற்பு, எண்ணத்திலிருந்து விலகி நிற்றல், இந்தக் கணத்தில் இருத்தல், பார்ப்பவராக இருக்கும் தன்னிலை, விழுமியங்கள், அவற்றை ஒட்டிய செயல்) என்று வரிசையாகப் போனோம். எல்லோரும் அக்கறையாகக் குறிப்பெடுத்தார்கள். ஆனால் ஐந்தாவது மாதம், "போன வாரம் ஒரு அமர்வில் இதில் எதைச் செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டபோது கிட்டத்தட்ட எல்லோருமே கோட்பாட்டைத்தான் திரும்பச் சொன்னார்கள். எதிரே உட்கார்ந்திருந்த மனிதர் அந்தப் பதில்களில் வரவே இல்லை.

அதற்குப் பிறகுதான் மூவர் குழுவுக்கு மாறினோம். ஒருவர் சிகிச்சையாளர், ஒருவர் தன் சொந்தச் சிக்கலைப் பேசுபவர், ஒருவர் கவனித்து எழுதுபவர். பேசுபவர் நடிக்கக் கூடாது, நிஜமான விஷயமாக இருக்க வேண்டும், ஆனால் தாங்க முடிகிற அளவு விஷயமாக இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். பேசியது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது.

சம்பந்தப்பட்டவர்கள் அனுமதி தந்ததால் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். பேசிய உறுப்பினரிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் பாதியில் நின்றுவிட்டார். அதிலிருந்து "எனக்கு இந்த வேலை சரிப்படாது" என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது என்று சொல்லி அந்த உறுப்பினர் நிறுத்தினார். சிகிச்சையாளர் இடத்தில் இருந்தவர் நம்மில் நல்ல அனுபவசாலி. அவர் ஒரு மூச்சுகூட விடாமல், நாம் எல்லோரும் பயன்படுத்துகிற பேருந்து உவமையை ஆரம்பித்துவிட்டார், நீங்கள்தான் ஓட்டுநர், எண்ணங்கள் எல்லாம் பின்னால் கத்துகிற பயணிகள் என்று. உவமையில் குறையே இல்லை, அழகாகத்தான் சொன்னார். முடிந்ததும் கவனித்தவர் தன் தாளைப் படித்தார். அதில் ஒரே வரிதான்: "அவர் கண் கலங்கியதும் நீங்கள் பஸ்ஸை எடுத்துவிட்டீர்கள்."

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு உவமை சொன்னவரே, "அவங்க அழுறதை என்னால பார்க்க முடியல, அதான்" என்றார். மறுபடி செய்தபோது உவமை எதுவும் எடுக்கவில்லை. "அந்த நினைப்பு வரும்போது உடம்புல எங்க தெரியுது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்தப் பத்து நிமிடத்தில் நாங்கள் கற்றது நான்கு மாதச் சொற்பொழிவில் இல்லை. கசப்பான உணர்விலிருந்து தப்பிக்கப் பார்ப்பதுதான் சிக்கலை இறுக்குகிறது என்று எதிரில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டே, நாம் நுட்பங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம். இதைத் தன்னில் பார்க்காத சிகிச்சையாளருக்கு எத்தனை உவமை தெரிந்தும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

சொல்லைத் திரும்பச் சொல்லும் பயிற்சியையும் செய்தோம். ஒரு சொல்லை வேகமாகச் சொல்லிக்கொண்டே போனால் பொருள் உதிர்ந்து வெறும் சத்தம் மிஞ்சும் என்பதை உளவியலாளர் டிச்சனர் 1916இலேயே எழுதியிருக்கிறார். முதலில் எல்லோரும் "பால்" என்று அரை நிமிடம் சொன்னோம். அப்புறம் அவரவரைக் குத்துகிற சொல். ஒருவர் "லாயக்கில்லை" என்பதை எடுத்தார், இருபது தடவை போனதும் அது நாக்கில் உருளும் ஓசையாகிவிட்டது என்றார். இன்னொருவருக்கு ஒன்றுமே ஆகவில்லை, அதையும் பதிவு செய்கிறேன். ஒருவர் தன் துக்கத்தைச் சொல்லி முடித்த கையோடு இதைச் செய்யச் சொன்னால் கேலி செய்வதுபோல இருக்கும், ஆகவே நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்த வருடம் நீண்ட நேரம் பேசியது தமிழ்ச் சொற்களைப் பற்றி. "ஏத்துக்கோங்க" என்று நாம் சொன்னால், வருகிறவர் காதில் "சகிச்சுக்கிட்டுப் போங்க" என்றுதான் விழுகிறது. துணையிடம் அடி வாங்குகிற ஒருவருக்கு அப்படிச் சொல்வது ஆபத்து. இடம் தரச் சொல்வது உள்ளே எழும் பயத்துக்கும் வெட்கத்துக்கும்தான், அடிக்கு அல்ல. அந்த வீட்டை விட்டு வெளியேறுவதே அவருடைய விழுமியத்தை ஒட்டிய செயலாக இருக்கலாம். "இடம் கொடுத்துப் பார்க்கலாமா" என்று சொல்லலாம் என்றபோது, இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்ற பழமொழிதானே ஞாபகம் வரும் என்று ஓர் உறுப்பினர் கேட்டார், சரியான கேள்வி. கடைசியில் "அந்த உணர்வு இருக்கட்டும், அதோடவே உங்களுக்கு முக்கியமானதைச் செய்ய முடியுதான்னு பார்ப்போம்" என்ற வாக்கியத்தைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். விழுமியம் என்ற சொல்லை அமர்வில் யாரும் பயன்படுத்துவதில்லை, "எந்த மாதிரி மனுஷரா இருக்கணும்னு ஆசைப்படுறீங்க" என்று கேட்டால் புரிகிறது.

வாசிப்புக் குழுவில் பாக், ஹேய்ஸ் 2002இல் வெளியிட்ட ஆய்வை எடுத்தோம். மனநோய் அறிகுறிகளோடு மருத்துவமனையில் இருந்த 80 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு நான்கு ஆக்ட் அமர்வுகள். நான்கு மாதத்தில் அவர்கள் மறுபடி அனுமதிக்கப்பட்டது மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி. ஆனால் அறிகுறிகள் இருப்பதாக அதிகம் சொன்னவர்களும் அவர்களே, குரல் கேட்டாலும் அதை அப்படியே நம்புவது குறைந்திருந்தது. அறிகுறி போனால்தான் முன்னேற்றம் என்று பழகிய நமக்கு இது நிறைய விவாதத்தைக் கொடுத்தது.

சான்றிதழ் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 2005இல் தொடங்கிய, ஆக்ட் சார்ந்த சர்வதேச அமைப்பான சூழல்சார் நடத்தை அறிவியல் சங்கம் (ஏ.சி.பி.எஸ்.) பயிற்றுநர்களைச் சக பயிற்றுநர்களின் மதிப்பீட்டின் மூலம் அங்கீகரிக்கிறது, சிகிச்சையாளர்களுக்குச் சான்றளிப்பதில்லை. எனவே நாமும் "ஆக்ட் சிகிச்சையாளர்" என்று யாருக்கும் பட்டம் தரப்போவதில்லை. கலந்துகொண்ட மணிநேரத்தை மட்டும் எழுதித் தருவோம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு விஷயங்களை முன்வைக்கிறது. ஒன்று, மூவர் குழுக்கள் வருடம் முழுவதும் தொடர வேண்டும், சொற்பொழிவு மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். இரண்டு, வருபவரின் எழுத்துமூல ஒப்புதலோடு பதிவு செய்த அமர்வுகளை மேற்பார்வைக் குழுவில் கேட்டுப் பார்க்க வேண்டும், ஒப்புதல் படிவத்தின் வரைவு உங்கள் கையில் இருக்கிறது, திருத்தம் இருந்தால் இன்றே சொல்லுங்கள். தன் பதிவை முதலில் தர முன்வந்திருப்பவர், அன்றைக்குப் பேருந்து உவமையைச் சொன்ன அதே உறுப்பினர். இரண்டு முன்மொழிவுகளையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.